மலைப்பாதை விபத்தில் யார் பிழை? சான்றுகளைச் சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையக வீதியொன்றில் இரண்டு வாகனங்கள் மோதிக்கொண்டால், கைத்தொலைபேசியை எடுத்த எல்லோரும் முதலில் படம்பிடிப்பது நசுங்கிய கதவையும் உடைந்த விளக்கையும்தான். நட்டத்தின் அளவைக் காட்ட அந்தப் படங்கள் போதும். ஆனால் அவற்றைக் கொண்டு யார் பிழை என்பதை நிறுவுவது கடினம். மோதிய கணத்தில் எந்த வாகனம் வீதியின் எந்தப் பாதியில் இருந்தது, யார் பிரேக் பிடித்தார், வளைவுக்கு அப்பால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தது ஆகிய கேள்விகளுக்கு விடை வீதியில்தான் கிடக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோன பிறகும் நசுங்கலைப் பார்க்கலாம். வீதியிலுள்ள தடயங்களோ ஒரு மழைக்கும் பின்னால் வரிசையில் நிற்கும் பஸ்களின் சக்கரங்களுக்கும் தாங்காதவை.

இதில் மிகப் பெரிய தவறு, வாகனங்கள் நிற்கும் இடத்தையே மோதிய இடமாகக் கொள்வது. சமதரையில் அது ஓரளவு பொருந்தலாம், ஏற்றத்தில் பொருந்தாது. ஒரு வேன் றம்பொடைப் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது, எதிரே மரக்கறி லொறியொன்று இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதிய பின் இயந்திரம் நின்றுபோன வேன் பின்னோக்கி உருண்டு, வடிகானில் சக்கரம் விழுந்த இடத்தில் நிற்கும். லொறியோ மேலும் சில மீற்றர் இறங்கி வீதியின் குறுக்கே திரும்பி நிற்கும். அப்போது வந்து பார்ப்பவருக்கு லொறி எதிர்ப்பக்கத்தில் நிற்பது மட்டுமே தெரியும். அது உண்மையில் பிழையான பக்கத்தில் வந்ததா, மோதலின் வேகத்தில் அங்கு தள்ளப்பட்டதா என்பதை அந்த நிலை சொல்லாது.

மோதிய புள்ளியைக் காட்டும் அடையாளங்கள் வேறு. மோதும் அதிர்ச்சியில் மட்காட்டின் உட்புறத்திலிருந்து காய்ந்த சேறு கட்டியாக உதிரும். இரும்புப் பாகம் தாரைக் கீறியிருக்கும். உடைந்த ரேடியேட்டரின் தண்ணீர் முதலில் ஓரிடத்தில் தெறித்து, பிறகு வாகனம் நகர்ந்த வழியில் கோடாக ஒழுகும். இவற்றுள் கண்ணாடித் துண்டுகளைச் சற்று எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும். அவை முன்னோக்கிச் சிதறுவதோடு சரிவில் உருளவும் கூடியவை. சேற்றுக் கட்டியும் தாரில் விழுந்த கீறலும் அவற்றைவிட நம்பத்தக்கவை. டயர் தடம் தெரியவில்லை என்பதால் பிரேக் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. ஈரத் தாரில் தடம் பெரும்பாலும் விழாது, சக்கரம் இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வாகனங்களில் காய்ந்த வீதியிலும் அது மங்கலாகவே இருக்கும்.

படம் எடுக்கும் முறையிலும் ஒரு குறை வழக்கமாக நேர்கிறது. எல்லாப் படங்களும் ஓரடித் தூரத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். பிறகு அது எந்த வளைவு என்றுகூட ஒருவராலும் சொல்ல முடியாது. முதலில் தொலைவிலிருந்து, கிலோமீற்றர் கல், மின்கம்பம், மதகு, வளைவு எச்சரிக்கைப் பலகை என அடுத்த மாதமும் அதே இடத்தில் இருக்கக்கூடிய ஒன்று படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். அதன் பின்னர் நெருங்கி வரலாம். இரு பக்கத்திலிருந்தும் வளைவை நோக்கி நடந்து, சாரதியின் கண்மட்டத்தில் கெமராவைப் பிடித்து எடுத்த படங்கள் பெரும்பாலான கோவைகளில் இருப்பதில்லை. வளைவின் உட்புறத்தில் வளர்ந்த மானாப்புல்லோ தேயிலைச் செடியோ பார்வையை எவ்வளவு மறைத்தது என்பதை அவைதான் காட்டும். புல்லை வெட்டிவிட்டால் அந்தச் சான்று அத்துடன் போய்விடும். மண்சரிவில் வீதிக்கு வந்த மண்ணும் அப்படியே. வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் இயந்திரம் வந்து அள்ளிய பிறகு, வீதி பாதியாகச் சுருங்கியிருந்தது என்று வாயால் மட்டுமே சொல்ல முடியும்.

வாகனத்தை நகர்த்துவது பற்றி இருவகைத் தவறுகள் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம், விபத்துக்குள்ளான வாகனத்தின் சாரதி உடனே நிறுத்த வேண்டும், தன் விபரங்களைக் கொடுக்க வேண்டும், காயப்பட்டவருக்கு உதவ வேண்டும், பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. போக்குவரத்து நெரிசலைக் கண்டு பதறி, பொலிஸார் வருமுன் இரண்டு வாகனங்களையும் ஓரங்கட்டி விடுவது முதல் தவறு. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்பியுலன்ஸ் வழியின்றி நிற்கும்போதும் "அளந்த பிறகுதான் எடுப்பேன்" என்று அடம்பிடிப்பது இரண்டாவது தவறு. உயிருக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். அப்படி நகர்த்தியே ஆக வேண்டுமானால், நான்கு சக்கரங்களும் நின்ற இடங்களைச் சோக்கினாலோ செங்கல் துண்டினாலோ குறித்து, படமும் எடுத்த பிறகு நகர்த்தலாம். அதற்கு இரண்டு நிமிடங்கள்கூடத் தேவைப்படாது.

"பிரேக் அறுந்து போனது" என்ற வாதம் நமது பகுதியில் அடிக்கடி எழுவதாலும், அதைச் சார்ந்த சான்று மிக விரைவில் மறைவதாலும் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். இந்த இறக்கம் முழுவதையும் உயர் கியரில் விட்டு, பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழைய பிரேக் எண்ணெயில் நீர் கலந்திருந்தால் அது கொதித்து, பெடல் வெறுமையாக உள்ளே போகும். ஆனால் ஒரு மணி நேரம் ஆறியதும் அதே பிரேக் பழையபடி பிடிக்கும். மறுநாள் மோட்டார் வாகனப் பரிசோதகர் வந்து பார்க்கையில் பிரேக் சரியாக இருக்கிறதே என்ற கேள்வி எழுவதும், சாரதி பொய் சொல்கிறார் என்று எல்லோரும் எண்ணுவதும் இதனால்தான். ஆகவே கியர் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கை வைக்காமல் படமெடுப்பது, சக்கரத்திலிருந்து கருகிய வாடையோ புகையோ வந்ததை அங்கு நின்றவர்கள் வாக்குமூலத்தில் சொல்வது, பரிசோதனைக்கு முன் எண்ணெயை மாற்றாதிருப்பது என இவை மூன்றும் முக்கியம். சூடேறியதால் பிரேக் போனது என்று நிறுவினாலும், உயர் கியரில் இறக்கியது யாருடைய பிழை என்ற கேள்வி மிஞ்சி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூடுபனியில் நேரும் மோதல்களில் "அவன் லைட் போடவில்லை" என்பதே முதல் குற்றச்சாட்டு. விபத்துக்குப் பிறகு ஆளியைத் தட்டிப் பார்ப்பது இங்கே செய்யக்கூடாத காரியம். பழைய வகை பல்புகளில் உள்ள இழை, எரிந்துகொண்டிருக்கையில் அதிர்ச்சி ஏற்பட்டால் இளகி நீளும். அணைந்திருந்தால் நீளாது, சில வேளை நேராக முறியும். கண்ணாடி உடைந்த பல்பை எரிய விட்டால் இழை கருகி, அந்த வித்தியாசம் அழிந்துவிடும். எல்ஈடி விளக்குகளுக்கு இது பொருந்தாது. பனியின் அடர்த்தியைக் காட்ட, தூரம் தெரிந்த ஒரு பொருளை, உதாரணமாக அடுத்த மின்கம்பத்தை, உடனே படமெடுத்துக்கொள்வது நல்லது. மழை பெய்ததா இல்லையா என்ற வாதத்துக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் நுவரெலியா, பண்டாரவளை நிலையங்களின் பதிவுகள் உண்டு. பல தோட்ட அலுவலகங்களும் அன்றன்றைய மழையளவைக் குறித்து வைக்கின்றன. அந்தக் கொப்பியை யாரும் தேடிப் போவதில்லை என்பது வியப்புக்குரியது.

எடுத்த படங்களைப் பாதுகாப்பதில் செய்யும் தவறு, அவற்றை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழிப்பது. அப்படி அனுப்பும்போது படம் சுருக்கப்படும். எடுத்த நேரத்தையும் இடத்தையும் பற்றி அதனுள் பதிந்திருந்த தகவல்களும் போய்விடும். வாகன கெமராவின் பதிவோ தானாகவே மேலெழுதப்படும் ஒன்று. விபத்துக்குப் பிறகும் வாகனத்தை ஓட்டித் திரிந்தால் வேண்டிய துண்டு அழிந்திருக்கும். ஆகவே கெமராவின் மெமரி அட்டையை அன்றே கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். ஹட்டன், தலவாக்கலை போன்ற நகரங்களின் கடைக் கெமராக்களும் சில நாட்களில் பழைய பதிவை அழித்துவிடுகின்றன. கடைக்காரரிடம் கேட்பதோடு, அதைப் பெற்றுக்கொள்ளுமாறு பொலிஸாரையும் எழுத்தில் கேட்க வேண்டும். இத்தகைய பதிவுகளை நீதிமன்றில் முன்வைப்பதை 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அதிலுள்ள ஒரு நிபந்தனை. வழக்குத் தவணைக்கு முதல்நாள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் ஓடுவதில் பயனில்லை.

சாட்சிகளைத் தேடும்போது, கூடிநின்று சத்தம் போடுபவர்களையே நாம் நம்புகிறோம். அவர்களில் பெரும்பாலோர் சத்தம் கேட்ட பிறகு வந்தவர்கள், பெரிய வாகனம் எதுவோ அதன் சாரதிதான் பிழை என்ற தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்தவர்கள். உண்மையில் கண்டவர்கள் வீதிக்கு மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களாக இருக்கலாம், அல்லது அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்ட பயணிகளாக இருக்கலாம். பயணிகளிடம் பெயரும் தொலைபேசி இலக்கமும் அங்கேயே வாங்க வேண்டும். தோட்டத்தவரானால் தோட்டம், டிவிஷன், அன்று வேலை செய்த மலையின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால், பிறகு கங்காணி மூலம் கண்டுபிடிக்கலாம். நீதிமன்றத்துக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. அதை அலட்சியம் செய்பவருக்குச் சாட்சி கிடைக்காது. எல்லாச் சாட்சிகளையும் ஓரிடத்தில் அமர்த்தி ஒரே கதையைச் சொல்லப் பழக்குவதும் கூடாது. ஒரே சொற்களில் வரும் மூன்று வாக்குமூலங்களைக் குறுக்கு விசாரணை எளிதில் குலைத்துவிடும்.

இனி வாக்குமூலம். நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்படுகிறது, வாசிக்கத் தெரியாத பக்கத்தின் கீழ் கையொப்பம் விழுகிறது. "வளைவில் அவர் என் பக்கத்துக்கு வந்தார்" என்றது, "வளைவில் மோதினோம்" என்று பதிவாகியிருப்பது மாதங்கள் கழிந்த பிறகே தெரியவரும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தமிழிலும் அரச அலுவல்களைச் செய்துகொள்ளும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆகவே தமிழில் எழுதுமாறு கேட்கலாம். அதற்கு அதிகாரி இல்லையென்றால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் வாசித்துக் கேட்டு, பிழையைத் திருத்திய பிறகே ஒப்பமிட வேண்டும். பொலிஸார் வரையும் வரைபடத்திலும் அளவுகள் எங்கிருந்து எங்கு எடுக்கப்பட்டன என்பதை உடனிருந்து கவனிப்பதும், முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்வதும் அவசியம். எதிர்ச் சாரதி குடித்திருந்தார் என்ற ஐயம் இருந்தால் அப்போதே சொல்லிப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே நம் நாட்டின் எல்லை, அந்த அளவோ மணிக்கு மணி குறைந்துகொண்டிருக்கும்.

வீதியில் நின்று "என் பிழைதான், பார்த்துக்கொள்வோம்" என்று சமாதானத்துக்காகச் சொல்லும் சொல்லும் பின்னால் வரும். பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு கூறுகிறது. எதிர்ச் சாரதியிடமோ காப்புறுதி முகவரிடமோ சொன்னவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காகத் தன் பக்கத்துச் சிறு பிழையையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தன்னிலும் பிழை இருந்தது என்பதற்காக ஒருவரின் நட்டஈடு முழுவதும் போய்விடாது, பிழையின் பங்குக்கேற்பக் குறைக்கப்படும். மறைத்தது வெளிப்பட்டால் மற்றச் சான்றுகளும் நம்பிக்கை இழக்கும்.

காயங்களைப் பொறுத்தவரை, தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிடுவது பெருந்தவறு. அரச வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குப் பொலிஸார் படிவம் தருவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த வாகனம், எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்பதை வைத்தியரிடம் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்வது அவசியம். அன்று எழுதப்பட்ட குறிப்புக்கும் பின்னர் சொல்லும் கதைக்கும் வேறுபாடு இருந்தால் நீதிமன்றம் எழுத்தையே நம்பும்.

நீதவான் நீதிமன்றில் பொலிஸார் தொடுத்த வழக்கு முடியட்டும், பிறகு நட்டஈட்டைப் பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் ஏராளம். அந்த வழக்கு இழுபடும் காலத்தில், நட்டஈட்டு வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டம் தரும் இரண்டு ஆண்டுகள் ஓடிக்கொண்டேயிருக்கும். மாவட்ட நீதிமன்றில் வழக்கைத் தொடுத்த பின்னும், மூன்றாந்தரப்புக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பணம் பெற வேண்டுமானால், வழக்குக்கு முன்னரோ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே எதிர்த்தரப்பின் வாகன இலக்கத்துடன், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அல்லது சாரதி காட்டும் காப்புறுதி அட்டையையும் விபத்து நடந்த இடத்திலேயே தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.