இன்னொரு நாயைக் கண்டாலே ஆகாத ஷெல்டர் நாய்க்கு வீடு தேடறவங்களுக்கு

ஷெல்டர்ல ஒரு நாய், ஆளுங்ககிட்ட தங்கமா இருக்கும், ஆனா இன்னொரு நாயக் கண்டா மட்டும் ஆகாதுன்னு வெச்சுக்கங்க, நம்ம கோயமுத்தூர் திருப்பூர் ஈரோட்டுப் பக்கம் யாரக் கேட்டாலும் ஒரே பதில்தாங்க வரும், "யாராச்சும் தோட்டத்துக்காரங்களுக்குக் குடுத்துருங்க, அது பாட்டுக்குக் கெடக்கும்". எங்க ஷெல்டர்ல இருந்த செவலைங்கற நாய நாங்களும் அப்படித்தான் குடுத்தோம். 3 வயசு ஆண் நாட்டு நாய், யாரு போய் உக்காந்தாலும் மடில தலைய வெச்சுக்கும். தாராபுரம் பக்கம் 4 ஏக்கரா தோட்டம், நல்ல மனுசங்க, வயிறு நெறைய சோறு. 11 நாள்ல திரும்பி வந்துச்சு, வலது காது கிழிஞ்சு, பின்னந்தொடைல பல்லு பதிஞ்சு ரெண்டு ஓட்டை.

என்ன ஆச்சுன்னா தோட்டத்துல நாயப் பகல்ல கட்டி வெச்சு பொழுது சாஞ்சா அவுத்து விடறதுதான் ஊர் வழக்கம், கிளுவை வேலில நாய் நுழையற சந்து எத்தனையோ இருக்கும், பக்கத்து சாளைல, அதான் தோட்டத்து வீட்ல, மூணு நாய், எல்லாமே ராத்திரி சுத்தறது. அவங்க எல்லா நாயையும் வளக்கற மாதிரிதான் இதையும் வளத்தாங்க, அவங்கமேல தப்பே இல்ல. நாங்கதான் தோட்டம்னு காதுல விழுந்ததும் சந்தோசப்பட்டு வேலி எப்படின்னு கேக்காம விட்டுட்டோம். இடம் எவ்வளவு பெருசுங்கறது கணக்கே இல்லீங்க. அந்த எடத்துல ஒரு நாளைக்கு எத்தன நாய் இதோட கண்ணுல படும், அப்படிப் பட்டா பெல்ட்டப் புடிச்சிருக்கறவங்களுக்கு என்ன பண்ணோணும்னு தெரியுமா, இந்த ரெண்டுதான் கணக்கு. கீழ சொல்றது எல்லாமே இந்த ரெண்டையும் எப்படிப் பாக்கறதுங்கறதுதான்.

மொதல்ல நாயப் பத்தி உங்களுக்கே சரியாத் தெரியோணும். கூண்டுக்குள்ள இருந்து குலைக்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க நாய்ங்க நடந்துட்டே இருந்தா சாதுவான நாய்கூட கம்பில மோதும், வெளிய கொண்டு போனா வேற மாதிரி இருக்கும். சில நாய் பயத்துல குலைக்கும், கிட்ட வராதடான்னு. சில நாய்க்கு கிட்டப் போய் மோந்து பாக்க ஆசை, பெல்ட் புடிச்சு இழுக்கறதுனால ஆத்திரம். கொஞ்ச நாய்ங்க நெசமாவே சண்டைக்குத்தான் போகும், அதுங்க சத்தமே போடாது, வாய மூடி ஒடம்ப வெறப்பா வெச்சு கண்ணு இமைக்காம பாக்கும், அந்த மாதிரி இருந்தா ரொம்பவே ஜாக்கிரதையா வீடு தேடோணும்.

எப்படிப் பாக்கறதுன்னா வாய்க்கா மேடு மாதிரி நேரா நீளமா பார்வை போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சாதுவான நாய் ஒன்ன இன்னொருத்தர் புடிச்சுட்டு தூரத்துல நிக்கோணும், அந்த நாய் உங்களப் பாத்து வரக்கூடாது, குறுக்கால நடக்கோணும், ரெண்டும் பெல்ட்லயேதான் இருக்கோணும். நாங்க கரண்ட் கம்பத்த வெச்சு எண்ணுவோம். செவலை ரெண்டு கம்பம் தூரத்துல பாத்தான், காத மட்டும் முன்னால தூக்கிட்டு கையில இருந்த வேக வெச்ச ஈரலத் தின்னான். ஒன்னரைக் கம்பத்துல தின்னறத நிறுத்திட்டான், வாய் மூடிருச்சு, நாக்கால ஒருக்கா மூக்க நக்கினான். ஒரு கம்பத்துக்கு வந்ததும் முதுகு முடி எந்திரிச்சு பாய்ஞ்சான், அப்பறம் திருப்பிக் கூட்டிட்டு வந்து மூச்சு சாதாரணமாக பத்து நிமிசம் ஆச்சு. எழுதி வெக்க வேண்டியது இதுதாங்க: எந்தத் தூரத்துல தீனிய நிறுத்தறான், எந்தத் தூரத்துல பாயறான், அடங்க எவ்வளவு நேரம், பாயற நேரத்துல புடிச்சிருக்கறவங்க கால் பக்கமோ பெல்ட்டயோ திரும்பிக் கடிக்கறானா. கடைசியா சொன்னத ஒருக்காலும் மறைக்கக் கூடாது. ஒரே நாள் பாத்து முடிவு பண்ணாம மூணு நாலு நாள் விட்டு விட்டுப் பாருங்க, ஆண் நாய்க்கு எப்படி, பெட்டைக்கு எப்படி, குட்டிக்கு எப்படின்னு தனித்தனியா. முன்னாடி நாள் பட்டாசுச் சத்தமோ ஊசியோ சண்டையோ நடந்திருந்தா அன்னிக்குப் பாக்காதீங்க, அந்த டென்சன் ஒடம்புல இருந்து எறங்க ஒரு நாளுக்கு மேலகூட ஆகும்.

ஆடு கோழி பூனையும் தனியாப் பாக்கோணும், நம்ம ஊர்ல இது இல்லாத வீடு கம்மி. நாய்க்கு ஆகாதுன்னா ஆட்டுக்கும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல, நாய்க்கு ஆகும்னா கோழிய விட்டுரும்னும் அர்த்தம் இல்ல. காங்கயம் வெள்ளகோவில் சென்னிமலைப் பக்கம் தெருநாய்ங்க பட்டிக்குள்ள பூந்து ஆட்டைக் கடிச்சுக் கொன்னு விவசாயிங்க இழப்பீடு கேட்டுப் போராடினது எல்லாருக்கும் தெரியும், அந்தப் பக்கம் வேலி தாண்டி சுத்தற எந்த நாயப் பாத்தாலும் சந்தேகப்படுவாங்க, அவங்க பொழப்பு போகுதுங்க, சந்தேகப்படத்தான் செய்வாங்க. அதனால வெளிய போக முடியாத எடமாப் பாக்கறது நாயோட உசுருக்கும் சேத்துத்தான்.

அடுத்தது எழுதறது. "ஒரே நாயா இருக்கற வீடுன்னா நல்லது"ன்னு எழுதி வெக்கறாங்க, படிக்கறவங்களுக்கு என்ன புரியும் சொல்லுங்க. நாங்க செவலைக்கு இப்படி எழுதினோம்: "இவனுக்கு இன்னொரு நாய் ஆகாது. ஒரு கரண்ட் கம்பம் தூரத்துக்குள்ள நாய் வந்தா குலைச்சுப் பாய்வான். ஆளுங்கள இதுவரைக்கும் கடிச்சதில்ல. வீட்ல வேற நாய் இருக்கக் கூடாது, அவுத்து விடக் கூடாது. மடில படுக்கப் புடிக்கும், வண்டில ஏறப் புடிக்கும், கருத்தடை பண்ணி ரேபிஸ் ஊசி போட்டாச்சு." கூடவே ரெண்டு வீடியோ, ஒன்னு மடில படுத்திருக்கறது, இன்னொன்னு பாயறது. பாயற வீடியோ போட்டா யாரும் வர மாட்டாங்கன்னு பயந்தோம், கம்மியாத்தான் வந்தாங்க, ஆனா வந்தவங்க தெரிஞ்சு வந்தாங்க. கருத்தடை பண்ணினா இந்தக் குணம் போயிரும்னு மட்டும் யாருக்கும் சொல்லிராதீங்க, ஆண் நாய் ஊர் சுத்தறது கொறையும், பயத்துல வர்ற கோவம் அதனால போகாது.

வீடு பாக்கப் போறதுல பெரிய தப்பு ஒன்னு எல்லாரும் பண்றோம், மத்தியானம் போறோம். வெயில்ல தெருநாய் எல்லாம் கார் அடியிலயும் சாக்கடை ஓரத்துலயும் படுத்திருக்கும், தெரு காலியா இருக்கற மாதிரித் தெரியும். காலைல 5 மணிக்கு ஒருக்கா, ராத்திரி 9 மணிக்கு ஒருக்கா போய் அந்தத் தெருவ நடங்க. சித்திரை வைகாசில தார் ரோடு சுடறப்ப நாயக் கூட்டிட்டுப் போக முடியற நேரமும் அதுதான், தெருநாய் எந்திரிச்சு சுத்தற நேரமும் அதுதான். எந்த முக்குல எத்தன நாய் படுக்குது, யாரு வீட்டு வாசல்ல சோறு வெக்கறாங்கன்னு ஒரு பேப்பர்ல படம் போட்டுக்கங்க. நாளைக்கு கார்ப்பரேசன்ல புடிச்சுட்டுப் போயிருவாங்க, தெரு காலியாயிரும்னு நம்பி வீடு குடுக்காதீங்க, 2023ல வந்த ஏபிசி விதிப்படி, அதான் தெருநாய்க் கருத்தடை விதிப்படி, கருத்தடையும் ஊசியும் போட்ட நாயப் புடிச்ச எடத்துலயே திரும்ப விடறதுதான் பொது முறை.

அப்பறம் வழி. வீட்ல இருந்து வெளிய போக இட்டேரி, அதான் தோட்டங்களுக்கு நடுவுல போற மண் தடம், அது மட்டும்தான் வழின்னா எனக்கு மனசு ஒப்பாது, ரெண்டு பக்கமும் வேலி, எதுக்கால ஒரு நாய் வந்தா விலகி நிக்க எடமே இல்ல, மேய்க்கறவங்களோட ஆடும் அதுகூட வர்ற நாயும் அந்த வழியாத்தான் வரும். அபார்ட்மென்ட்ல லிப்ட்டும் அதே மாதிரித்தான், கதவு தொறந்தா மூஞ்சிக்கு நேரா நாய். காம்பவுண்ட் செவுரு ஆள் ஒசரம் இருந்தா நல்லது. கேட் கம்பி கேட்டா இருந்தா தகரமோ பச்ச வலையோ கட்டி ரோடு தெரியாம மறைக்கச் சொல்லுங்க, செலவு கம்மி, பலன் ரொம்ப. கேட்டுக்கும் வாசக்கதவுக்கும் நடுவுல இன்னொரு தடுப்பு இருக்கான்னு பாருங்க, பால்காரர் வந்து கேட்டத் தொறந்த அந்த ரெண்டு செகண்ட்லதான் பாதி சண்ட நடக்குது.

ஆளுங்கள எப்படிப் பாக்கறதுங்கறது இத விடப் பெரிசு. வீட்ல யாரு பகல்ல இருக்காங்களோ அவங்ககிட்டப் பேசோணும், பெரும்பாலும் அது வீட்டுப் பொம்பளைங்கதான், ஆனா நாய் கேட்டு வர்றது பையனோ வீட்டுக்காரரோ. அவங்களுக்கு இஷ்டமில்லாத வீட்ல குடுத்தா ஒரு மாசம் தாங்காது. பொடக்காளிக் கதவ, அதான் கொல்லைப்பக்கக் கதவ, யாரு தொறந்து போடுவாங்க, சின்னப் பசங்க எத்தன பேரு, வாடகை வீடுன்னா ஓனருக்குத் தெரியுமா, ஒறம்பரைன்னு வர்ற சொந்தக்காரங்க நாயோட வருவாங்களா, எல்லாம் கேளுங்க. "எங்க வீட்டு நாய்கூட விட்டா ரெண்டு நாள் அடிச்சுக்கும், அப்பறம் சரியாயிரும்"னு சொல்றவங்களுக்கும், "ரெண்டு போட்டா அடங்கிரும்"னு சொல்றவங்களுக்கும் குடுக்காதீங்க, எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் சரி. அடிச்சா நாய் என்ன கத்துக்கும்னா, இன்னொரு நாய் வந்தா நமக்கு வலிக்குதுன்னு கத்துக்கும். உறுமறத அடிச்சு நிறுத்தினா நாளைக்கு உறுமாமயே கடிக்கும்.

வீடு அமைஞ்சுட்டா அன்னிக்கே கையில குடுத்து அனுப்பாதீங்க, அவங்க மூணு தடவையாவது வந்து பெல்ட்டப் புடிச்சு நடக்கோணும், கூட நீங்க நடங்க. கழுத்துல ஒரு காலர், நெஞ்சச் சுத்தி மாட்டற ஹார்னஸ் பட்டை, ரெண்டுலயும் மாட்டற மாதிரி பெல்ட், ஒன்னு கழண்டாலும் இன்னொன்னு புடிக்கும். இழுக்க இழுக்க நீளற பெல்ட் வேண்டவே வேண்டாம். மாட்டுக்குப் போடற வாய்க்கூடு மாதிரி கூடை மசில் ஒன்னு வாங்கிப் பழக்குங்க, அதப் போட்டுட்டே நாய் மூச்சு வாங்கவும் தண்ணி குடிக்கவும் முடியோணும், வாய இறுக்கிக் கட்டற துணி மசில் நம்ம வெயிலுக்கு ஆபத்து. ஒரே நாள்ல மாட்டி விடாம, ஒரு வாரம் பத்து நாள் அதுக்குள்ள ஈரல் வெச்சு அதுவா மூக்க விடற மாதிரிப் பண்ணுங்க. ரோட்டுல நாய் கண்ணுல பட்டதும், குலைக்கறதுக்கு முன்னாடியே ஒரு துண்டு தீனி, உடனே திரும்பி நடக்கறது, இத அவங்க கை தானாப் பண்ற வரைக்கும் பழக்கோணும்.

சண்ட வந்துட்டா நடுவுல கைய விடக் கூடாதுன்னு கட்டாயம் சொல்லுங்க, வாளித் தண்ணி, கனமான போர்வை, பலகை, இதுல ஒன்னு கேட் பக்கத்துலயே இருக்கட்டும். யாருக்காச்சும் பல்லு பட்டுட்டா சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிசம் கழுவி அன்னிக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரி போகோணும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி.

மொத ஒரு மாசம் தற்காலிகம்தான்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கங்க, ஒத்து வரலைன்னா வேற யாருக்கும் குடுக்காம எங்ககிட்டயே திருப்பித் தரோணும், என்ன நேரம்னாலும் வந்து வாங்கிக்குவோம்னு. இது அவங்கள கட்டிப் போடறதுக்கு இல்ல, பயமில்லாம போன் பண்றதுக்கு. மொத ரெண்டு வாரம் வெளிய வாக்கிங் வேண்டாம், காம்பவுண்டுக்குள்ளயே போதும். புது வீடு பழக மூணு நாள், நடைமுறை புரிய மூணு வாரம், நம்ம வீடுதான்னு நெனைக்க மூணு மாசம்னு பொதுவாச் சொல்வாங்க, கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு. மூணாவது நாள் ஒரு போன், பத்தாவது நாள் நேர்ல ஒருக்கா, அப்பறம் மாசம் ஒருக்கா.

செவலைக்குக் கடைசில அமைஞ்சது சென்னிமலைப் பக்கம் ஒரு கைத்தறி நெசவு வீடு, இடம்னு பாத்தா தோட்டத்துல கால்வாசிகூட இல்ல. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் நாள் முழுக்க வீட்லயே தறில, வேற நாய் இல்ல, ஆள் ஒசரத்துக்கு செவுரு, தெருவுல ரெண்டே நாய், அதுவும் கோயில் முக்குல. வந்த மொத நாளு அந்தம்மா வீடியோவ ரெண்டு தடவ பாத்துட்டு, "ஏங்கண்ணு, எதுக்கால நாய் வந்தா எந்தப் பக்கமாத் திருப்போணும்?"னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் பெரிசா எதுவும் கேக்கல. இப்ப அஞ்சு மாசம் ஆச்சு, தறிக்குழி ஓரத்துல சாக்கு போட்டுப் படுத்திருக்கான், காலைல நாலரைக்குக் கோயில் முக்குக்கு எதிர்ப்பக்கமா கூட்டிட்டுப் போறாங்க, ஒரு கம்பத்துக்குள்ள நாய் வந்தா இன்னும் குலைக்கத்தான் செய்யறான். நோம்பி பண்டிகைக்கு ஒறம்பரை நெறைய வருவாங்க, ஒருத்தரு பொமரேனியன் கொண்டு வருவாராம், என்ன பண்றதுன்னு போன வாரம் கேட்டாங்க. அவரு நாய வீட்ல விட்டுட்டு வரச் சொல்லுங்க, கேக்கலைன்னா செவலைய உள் ரூமுல விட்டு கதவப் பூட்டி சாவிய நீங்க வெச்சுக்கங்க, இல்லைன்னா அந்த ரெண்டு நாளைக்கு நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லியிருக்கேன்.