அக்கவுண்டிங்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த அசோசியேட் டிகிரி: தடுமாறாமல் முடிப்பது எப்படி

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்லும் இரண்டாண்டுக் கல்லூரிகள் பலவற்றில் அக்கவுண்டிங்கையும் கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸையும் சேர்த்துப் படிக்கலாம். மொத்தம் 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். ஊரில் பி.காம் முடித்துவிட்டு வாழ்க்கைத் துணையின் விசாவில் அமெரிக்கா வந்தவர்களுக்கும், பள்ளி முடித்த பிள்ளைகளுக்கும் நல்ல வழி இது. ஆனால் இரண்டு ஆண்டில் முடியவேண்டிய படிப்பு மூன்று ஆண்டாக இழுப்பது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் அல்ல, வரிசை தவறிப்போவதால்தான்.

முதலில் டிகிரியின் பெயரைப் பாருங்கள். ஏ.ஏ.எஸ் (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்) என்றால் நேரே வேலைக்குப் போவதற்கான படிப்பு. ஏ.எஸ் (அசோசியேட் ஆஃப் சயின்ஸ்) என்றால் பிறகு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போவதற்கான படிப்பு. ஏ.ஏ.எஸ் முடித்துவிட்டு பேச்சிலர்ஸ் என்ற நான்காண்டுப் பட்டத்துக்குச் சேரப்போனால் பாதிக் கிரெடிட்டைக்கூட ஏற்காத பல்கலைக்கழகங்கள் உண்டு. சி.பி.ஏ என்ற உரிமம் பெற்ற கணக்காளர் ஆகும் எண்ணம் இருந்தால் பேச்சிலர்ஸ் தவிர்க்க முடியாதது, ஆகவே ஏ.எஸ் பக்கம் போங்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறீர்களோ, அதனுடன் உங்கள் கல்லூரி செய்துள்ள டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தத்தைச் சேரும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்தது சங்கிலி. அக்கவுண்டிங் ஒன்று முடித்தால்தான் இரண்டு. இரண்டில் சி கிரேடாவது வாங்கினால்தான் இன்டர்மீடியட் அக்கவுண்டிங் ஒன்று. அதன் பிறகு இன்டர்மீடியட் இரண்டு. நான்கு செமஸ்டர், ஒன்றன்பின் ஒன்றாக. சிறிய கல்லூரிகளில் இன்டர்மீடியட் ஒன்றை ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் மட்டும் நடத்துவார்கள். முதல் செமஸ்டரில் அக்கவுண்டிங் ஒன்றை விட்டுவிட்டால் பின்னால் ஒரு முழு ஆண்டு தள்ளிப்போகும். கம்ப்யூட்டர் பக்கமும் இப்படித்தான்: புரோகிராமிங் லாஜிக், பிறகு பைத்தான் அல்லது ஜாவா, டேட்டாபேஸ், பிறகு சிஸ்டம்ஸ் அனாலிசிஸ். ஒரு தாளில் கடைசி செமஸ்டரில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுங்கள். சங்கிலிப் பாடங்களை முதலில் வைத்து, இங்கிலீஷ், சைக்காலஜி போன்ற பொதுப் பாடங்களை இடுக்குகளில் நிரப்புங்கள்.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் மூன்று மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது ஆறு மணி நேர உழைப்பு. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம். 12 எடுத்தாலும் முழுநேர மாணவர்தான்; ஆனால் நான்கு செமஸ்டருக்கு 48 கிரெடிட்தான் வரும், மீதி 12 எங்கிருந்து வரும் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் எட்டு வாரத்தில் அக்கவுண்டிங் ஒன்றை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 15 வாரப் பாடம் எட்டில் நெருக்கப்படும்போது வாரம் 17 மணி நேரம் அதற்கே போகும். கோடைக்குப் பொதுப் பாடங்களே ஏற்றவை.

விசா பற்றி இரண்டு வரி. எச்-4 என்ற வாழ்க்கைத் துணை விசா இருப்பவர் படிக்கத் தடையில்லை. சம்பளம் வரும் இன்டர்ன்ஷிப்புக்கு வேலை அனுமதி வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரக் கணக்கில் சேர்க்க முடியும், ஓ.பி.டி என்ற, படிப்பைச் சார்ந்த வேலை அனுமதிக்கு அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகள் பெறும் ஸ்டெம் நீட்டிப்பு அசோசியேட் டிகிரிக்குக் கிடையாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி உதவிப் படிவத்தை நிரப்பத் தவறவேண்டாம். 2024-25 கல்வியாண்டில் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலராக இருந்தது, திருப்பிக் கட்டவேண்டாத பணம்.

பி.காம் படித்தவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டியது நிறைய. ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என்ற பொன்விதிகளை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். சொத்து = பொறுப்பு + உரிமையாளர் பங்கு என்ற சமன்பாட்டிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். சொற்களும் மாறும். சன்ட்ரி டெப்டார்ஸ் இங்கே அக்கவுண்ட்ஸ் ரிசீவபிள். பில்ஸ் ரிசீவபிள் என்பது நோட்ஸ் ரிசீவபிள். ஸ்டாக் என்றால் பங்கு, சரக்குக்கு இன்வென்டரி. தெரிந்ததுதானே என்று முதல் மூன்று வாரம் அசட்டையாக இருப்பவர்கள் இந்தச் சொற்களில்தான் மதிப்பெண் இழக்கிறார்கள். உண்மையிலேயே நன்றாகத் தெரியும் என்றால் வகுப்பில் உட்காராமலே கிரெடிட் வாங்கித்தரும் கிளெப் தேர்வு எழுதுங்கள். ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங்குக்கும் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸுக்கும் தனித்தனித் தேர்வு இருக்கிறது, ஒவ்வொன்றும் 90 நிமிடம். உங்கள் கல்லூரி ஏற்குமா, எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

லேப்டாப் விண்டோஸாக இருக்கட்டும். டேட்டாபேஸ் வகுப்பில் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வந்தால் மேக்கில் அது ஓடாது. எக்செலின் பவர் பிவட்டும் அப்படியே. புத்தகம் வாங்கும்போது பழைய பிரதி மலிவு என்று அவசரப்படாதீர்கள். வீட்டுப்பாடம் முழுக்க இணையத்தில் இருந்தால் புத்தகத்தோடு வரும், இணையத்தில் நுழைவதற்கான ஆக்சஸ் கோடுதான் தேவை, பழைய பிரதியில் அது தீர்ந்திருக்கும்.

இனி படிக்கும் முறை. டெபிட், கிரெடிட் குழப்பம் பெரும்பாலும் வங்கிச் செய்தியிலிருந்து வருகிறது. உங்கள் கணக்கில் கிரெடிட் செய்தோம் என்று வங்கி சொல்வது அதன் ஏட்டைப் பார்த்து. உங்கள் பணம் வங்கிக்குக் கடன். உங்கள் ஏட்டில் அதே பணம் டெபிட். இது பிடிபட்டால் பாதிச் சிக்கல் தீரும். மீதி, ஆண்டு முடிவில் கணக்கைச் சரிசெய்ய எழுதும் சரிக்கட்டுப் பதிவுகளில் இருக்கிறது. அக்டோபர் 1 அன்று ஓராண்டுக் காப்பீட்டுக்கு 1,200 டாலர் கட்டி, அதை முன்செலுத்திய காப்பீடு என்ற சொத்தாக எழுதியாயிற்று. டிசம்பர் 31 அன்று மூன்று மாதம் கழிந்திருக்கிறது; செலவு 300, மிச்சம் 900. பதிவில் எழுதவேண்டியது 300. மிச்சத்தை எழுதுவதா, கழிந்ததை எழுதுவதா என்று கேள்வி எதைத் தந்திருக்கிறது எனப் பார்க்காமல் 900 எழுதுவதுதான் வழக்கமான தவறு.

டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் கூட்டல் சமமா என்று பார்க்கும் பட்டியல்) இடிக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி கூட்டாதீர்கள். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 540-ஐ 450 என்று எழுதினால் 90. இல்லையென்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள், பக்கம் மாறி விழுந்திருக்கலாம்.

இந்தப் படிப்பின் உண்மையான பலன், கணக்கு வீட்டுப்பாடத்தையே டேட்டாபேஸ் வகுப்புக்குத் தரவாக எடுத்துக்கொள்ளும்போது கிடைக்கிறது. ஜர்னலை இரண்டு டேபிளாகப் பிரியுங்கள். ஒன்றில் தேதி, விவரம், பதிவு எண். மற்றதில் பதிவு எண், கணக்கு எண், டெபிட், கிரெடிட். பதிவு எண்ணால் குரூப் செய்து இரு பக்கமும் சமமில்லாத பதிவுகளை மட்டும் கேளுங்கள்; தப்பு இருந்த இடத்துக்கே போய் நிற்கலாம்.

ஜாயின் செய்யும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. 500 டாலருக்கு ஓர் இன்வாய்ஸ். வாடிக்கையாளர் 200, 300 என்று இரண்டு தவணையாகக் கட்டினார். இன்வாய்ஸ் டேபிளையும் பேமென்ட் டேபிளையும் இணைத்தால் அந்த இன்வாய்ஸ் இரண்டு வரியாக வரும். இன்வாய்ஸ் தொகையைக் கூட்டினால் விற்பனை 1,000 என்று காட்டும். கம்ப்யூட்டர் பிழை எதுவும் சொல்லாது. பேமென்ட்டை முதலில் இன்வாய்ஸ் வாரியாகக் கூட்டி, பிறகு இணைக்கவேண்டும். கணக்குத் தெரிந்தவர் கண்ணுக்குத்தான் இந்த 1,000 உறுத்தும்.

பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தை இப்படிச் சேமித்தால் ஒரு சென்ட் எங்கோ இடிக்கும். பைத்தானில் டெசிமல், ஆக்சஸில் கரன்சி வகையைப் பயன்படுத்துங்கள். எக்செலில் 08817 என்ற எடிசன் நகர ஜிப் கோடு 8817 ஆகிவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்குங்கள். தேதியை நாள்-மாதம் என்று நம் ஊர் வழக்கில் அடித்தால் 05/04 ஏப்ரலில் விழாமல் மே மாதத்தில் விழும்.

இரண்டாம் ஆண்டில் வரிப் பாடம் எடுப்பவர்கள் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ் ஆதரவில் நடக்கும், மக்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித்தரும் விட்டா திட்டத்தில் தன்னார்வலராகச் சேரலாம். பயிற்சியும் தேர்வும் இலவசம்; பிப்ரவரி, மார்ச்சில் உண்மையான வரிப் படிவங்கள் கைக்கு வரும்.

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் முடித்த பாடங்களையும் மீதியையும் காட்டும் டிகிரி ஆடிட் அறிக்கையை எடுத்து, தேவைப்பட்ட ஒவ்வொரு வரியும் நிரம்பியிருக்கிறதா என்று அட்வைசருடன் உட்கார்ந்து பாருங்கள். பிறகு பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். பல கல்லூரிகளில் 60 கிரெடிட் சேர்ந்துவிட்டதால் மட்டும் பட்டம் தானாக வராது. விண்ணப்பத்துக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும், அது தேர்வுக்கு வெகு முன்பே வந்துவிடும்.