அடுப்புச் சாம்பலிலிருந்து பொற்றாசியம்: பிரித்தெடுப்பதும் உறுதிப்படுத்துவதும்

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு) அடுப்பில் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலையைக் கத்தரித்த குச்சி, எரிந்து மிஞ்சும் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அதை நீரில் கரைத்து, வடித்து, வற்றவைத்து வெள்ளை உப்பாக எடுக்க இரண்டு நாள் போதும். சாதாரண தர, உயர்தர மாணவர்கள் ஆசிரியரின் முன்னிலையில் செய்யக்கூடிய வேலை இது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். பொற்றாசியத்தின் உப்புகள் ஏறக்குறைய எல்லாமே நீரில் கரைபவை. சாம்பலிலிருந்து அதைப் பிரிப்பது அதனால்தான் எளிது. கரைசலில் அது இருக்கிறதென்று நிறுவுவது கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம், ஏனென்றால் வீழ்படிவு (கரையாமல் அடியில் இறங்கும் திண்மம்) தரும் சோதனைகள் மிகக் குறைவு. கீழே வரும் தவறுகளில் பாதி இந்த ஒரு குணத்தை மறப்பதால் வருபவை.

எந்தச் சாம்பல்?

செடியின் சாற்றில் பொற்றாசியம் அயனாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகளாக, ஓடுகிறது. எரியும்போது மரத்தின் காபன் காபனீரொட்சைட்டாக வெளியேற, பொற்றாசியம் பெரும்பாலும் காபனேற்றாகச் சாம்பலில் தங்குகிறது. வளரும் பகுதிகளில்தான் அது அதிகம். ஆகவே தடித்த சவுக்கு மரக் கட்டையின் சாம்பலைவிட மிலாறு, இலை, காய்ந்த வாழைச் சருகு ஆகியவற்றின் சாம்பல் நல்லது. நன்றாக எரிந்து வெளிர் சாம்பல் நிறத்தில் இருப்பதையே எடுங்கள். கரித்துண்டு கலந்த கறுப்புச் சாம்பல் கரைசலைப் பழுப்பாக்கும். பிளாத்திக்கு, பெயின்ற் பூசிய பலகை, பற்றரி எரித்த அடுப்பின் சாம்பல் வேண்டவே வேண்டாம்.

மழையில் நனைந்த சாம்பல் குவியலும் உதவாது. மலையில் ஓர் இரவு பெய்யும் மழையே கரையும் உப்பில் பெரும்பகுதியைக் கழுவிக்கொண்டு போய்விடும். பார்வைக்குச் சாம்பல் அப்படியேதான் இருக்கும், ஆனால் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று.

பிரித்தெடுத்தல்

சலித்த உலர் சாம்பல் 100 கிராம், சூடான நீர் 400 மி.லீ. பீலித் தண்ணீரை (குழாய்வழி வரும் ஊற்று நீரை) காய்ச்சினால் போதும், வடித்த நீர் தேவையில்லை. பாத்திரம் கண்ணாடி, எனாமல் அல்லது எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியச் சட்டியில் ஊற்றவே கூடாது: இந்தக் கரைசல் காரத்தன்மை உடையது, அலுமினியத்தைத் தின்று ஐதரசன் வாயுவை வெளிவிடும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். தோலில் பட்டால் வழுவழுவென்று இருக்கும், உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும்.

15 நிமிடம் கிளறி, மூடி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரை அடியைக் கலக்காமல் சாய்த்து, இரண்டாக மடித்த பருத்தித் துணியில் வடியுங்கள். அதன்பிறகே வடிதாள். கலங்கிய சாம்பலை நேரே வடிதாளில் ஊற்றினால் நுண்துகள்கள் அடைத்து, சொட்டு விழவே மணிக்கணக்கில் ஆகும்.

வடிநீரில் சிவப்புப் பாசிச்சாயத்தாளைத் தொட்டால் நீலமாகும். பாசிச்சாயத்தாள் இல்லையா? வெளிறிய பிளேன்டீயில் சில துளி விடுங்கள், நிறம் கருஞ்சிவப்பாக இருளும். தேசிக்காய்ப் புளி விட்டால் மீண்டும் வெளிறும். (சோதித்த தேநீரைக் குடிக்கக் கூடாது.) காபனேற்று அயன் நீரிடமிருந்து ஓர் ஐதரசன் அயனைப் பிடுங்கிக்கொள்ள, ஐதரொட்சைட்டு அயன் மிஞ்சுகிறது. காரத்தன்மை அங்கிருந்துதான் வருகிறது.

இனி வற்றவைத்தல். மிதமான சூட்டில் 50 மி.லீ. அளவுக்குச் சுருக்கி, ஆறவிடுங்கள். அடியில் சிறு பளிங்குகள் தோன்றினால் அவை பெரும்பாலும் பொற்றாசியம் சல்பேற்று. 100 மி.லீ. நீரில் சல்பேற்று ஏறத்தாழ 12 கிராம்தான் கரையும். காபனேற்றோ 110 கிராமுக்கு மேல் கரையும். அதனால் நீர் குறையக் குறையச் சல்பேற்று முதலில் வெளியே வருகிறது. தெளிந்த கரைசலை வேறு கிண்ணத்துக்குச் சாய்த்து, உலரும்வரை சூடாக்குங்கள். கூழாகத் திரளும் கட்டத்தில் அது வெடித்துத் தெறிக்கும், அப்போது தீயைக் குறைத்துக் கண்ணாடிக் கோலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு பழுப்பாக வந்தால், எரியாத சேதனப் பொருள் கலந்திருக்கிறது. இன்னும் பலமாகச் சூடாக்கினால் வெளுக்கும்.

100 கிராமுக்குப் பத்துக் கிராமை அண்டிக் கிடைத்தால் அது நல்ல சாம்பல். ஆறியவுடனேயே நிறை பார்த்து, இறுக மூடும் உலர்ந்த போத்தலில் போட்டுவிடுங்கள். தாமதித்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு மூடுபனியே காட்டிவிடும்: பொற்றாசியம் காபனேற்று காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே அதில் கரைந்துவிடும். மாலையில் திறந்து வைத்த உப்பு காலையில் பாகாகக் கிடக்கும். உப்பு கெட்டுப்போகவில்லை, திரும்பச் சூடாக்கினால் கிடைத்துவிடும். ஆனால் ஈரத்தோடு நிறுத்து எழுதிய நிறை பொய்யான நிறை.

காபனேற்றா என்று பார்த்தல்

உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போல் கலங்கும்.

பொற்றாசியம் காபனேற்று + ஐதரோக்குளோரிக் அமிலம் → பொற்றாசியம் குளோரைட்டு + நீர் + காபனீரொட்சைட்டு

இது காபனேற்றுக்கான சான்று மட்டுமே. சோடியம் காபனேற்றும் இப்படித்தான் பொங்கும்.

சுவாலைச் சோதனை

நிக்குரோம் கம்பியின் நுனியைச் சிறு வளையமாக வளைத்து, செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலத்தில் தோய்த்து, பன்சன் சுடரடுப்பின் நீலச் சுவாலையில் காட்டுங்கள். சுவாலையில் நிறம் தோன்றாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு அமிலம் தோய்ந்த வளையத்தால் உப்பைத் தொட்டுச் சுவாலையின் ஓரத்தில் பிடியுங்கள். அமிலம் எதற்கு? குளோரைட்டாக மாறினால் உப்பு எளிதில் ஆவியாகும், நிறம் தெளிவாக வரும்.

பொற்றாசியத்தின் நிறம் மென்மையான ஊதா. பெரும்பாலான மாணவர்கள் காண்பது மஞ்சளை. சாம்பலில் சிறிதளவு சோடியமும் உண்டு, விரல் வியர்வையின் உப்பே போதும், அதன் 589 நனோமீற்றர் மஞ்சள் ஒளி ஊதாவை மூடிவிடும். வளையத்தை விரலால் தொடாதீர்கள். கோபாற்று நீலக் கண்ணாடி ஊடாகப் பாருங்கள், ஒன்று போதாவிட்டால் இரண்டை அடுக்குங்கள். மஞ்சள் அதில் உறிஞ்சப்பட்டு, பொற்றாசியத்தின் ஒளி செவ்வூதாவாகத் தெரியும். ஊதா ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும், ஆகவே கம்பியைக் காட்டும்போதே கண்ணாடி கண்முன் இருக்க வேண்டும். செப்புக் கம்பி பச்சை நிறம் தரும், அதைப் பயன்படுத்தாதீர்கள். மண்ணெண்ணெய் விளக்கின் சுவாலையே மஞ்சள் என்பதால் அதுவும் பயன்படாது.

தார்த்தாரிக் அமிலச் சோதனை

அரிதான வீழ்படிவுகளில் ஒன்று இது. பாடசாலைகள் இதை அதிகம் செய்ய வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். உப்பு 1 கிராமை 5 மி.லீ. நீரில் கரையுங்கள். தார்த்தாரிக் அமிலம் 2.5 கிராமை வேறு 5 மி.லீ. நீரில் கரைத்து, பொங்கி வழியாதபடி சிறிது சிறிதாக முதல் கரைசலில் சேருங்கள். நுரை அடங்கியதும் குளிர்ந்த நீரில் வைத்து, கண்ணாடிக் கோலால் குழாயின் உட்சுவரை உரசுங்கள். வெண்பளிங்குகளாகப் பொற்றாசியம் ஐதரசன் தார்த்தரேற்று இறங்கும். 20 பாகை செல்சியசில் 100 மி.லீ. நீரில் அது 0.6 கிராம்கூடக் கரையாது.

ஒன்றும் இறங்கவில்லையா? அநேகமாக அமிலம் போதவில்லை. பொற்றாசியம் காபனேற்று 138 கிராமுக்குத் தார்த்தாரிக் அமிலம் 300 கிராம் வேண்டும், அதாவது ஒன்றுக்கு 2.2 மடங்கு. பாதியளவு மட்டும் சேர்த்தால் ஐதரசன் இல்லாத பொற்றாசியம் தார்த்தரேற்று உண்டாகும், அது நன்றாகக் கரையும் உப்பு. மீதி அமிலத்தைச் சேர்த்ததும் பளிங்கு இறங்கத் தொடங்கும். கரைசலில் நீர் அதிகமாக இருந்தாலும் இறங்காது. அமோனிய உப்புகளும் இதுபோன்ற வெண் வீழ்படிவைத் தரும் என்பதால் சுவாலைச் சோதனையோடு சேர்த்தே முடிவெழுத வேண்டும்.

உரமூட்டையில் பார்த்தல்

தோட்டத்தில் போடும் மியூரியேற் ஒப் பொட்டாஷ் உரம் பொற்றாசியம் குளோரைட்டு. சில உரங்களின் செந்நிறம் இரும்பு ஒட்சைட்டால் வருவது, கரைத்து வடித்தால் அது தாளில் தங்கும். அமிலத்தில் இந்த உரம் பொங்காது. இதற்குத் தார்த்தாரிக் அமிலத்தை நேரே சேர்த்தால் வீழ்படிவு குறைவாகவே வரும், ஏனென்றால் உடன் உண்டாகும் ஐதரோக்குளோரிக் அமிலம் பளிங்கைத் திரும்பக் கரைக்கும். சிட்டிகை சிட்டிகையாக அப்பச்சோடா சேர்த்து அந்த அமிலத்தைத் தணித்தால் நன்றாக இறங்கும். சோடா மிகுந்து கரைசல் காரமாகிவிட்டால் பளிங்கு மறுபடி மறைந்துவிடும்.

மூட்டையில் 60 சதவீதம் என்று இருப்பது பொற்றாசியம் ஒட்சைட்டாகக் கணக்கிட்ட அளவு, மூட்டைக்குள் ஒட்சைட்டு எதுவும் இல்லை. ஒட்சைட்டில் 83 சதவீதம் பொற்றாசியம் என்பதால், 50 கிலோ மூட்டையில் உண்மையான பொற்றாசியம் 50 × 0.60 × 0.83, அதாவது ஏறத்தாழ 25 கிலோ.

உலோகத்தைப் பற்றி

1807இல் ஹம்பிரி டேவி உருகிய பொற்றாசியம் ஐதரொட்சைட்டை மின்பகுத்துத்தான் இந்த உலோகத்தை முதலில் பெற்றார். சாம்பல் உப்பைச் சூடாக்கினால் உலோகம் கிடைக்காது. அதன் இலத்திரன் நிலையமைப்பு 2, 8, 8, 1. கடைசி இலத்திரன் சோடியத்தினதைவிட ஓர் ஓடு தள்ளி இருப்பதால் எளிதில் விடுபடும், அதனால்தான் நீரில் சோடியத்தைவிட வேகமாகத் தாக்கமுறுகிறது. ஆய்வுகூடத்தில் பழைய போத்தலில் மஞ்சள் மேலோடு படிந்த பொற்றாசியத் துண்டு இருந்தால் அதைத் திறக்கவோ வெட்டவோ கூடாது. அந்த மேலோடு மேலொட்சைட்டு, வெட்டும்போது வெடிக்கக்கூடும். ஆசிரியரிடம் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

வடித்தபின் மிஞ்சும் கரையாத சாம்பலைத் தேயிலைச் செடியடியில் கொட்டாதீர்கள். தேயிலைக்கு அமில மண்தான் வேண்டும், இந்தச் சாம்பலின் கல்சியம் காபனேற்று அந்த அமிலத்தைத் தணித்துவிடும். கோவா பாத்தியில் மெல்லியதாகத் தூவிக் கிளறிவிடலாம்.