அம்மாவுக்காக ஓடக் கிளம்பினோம்: நாங்கள் செய்த தவறுகள் உங்களுக்கு வேண்டாம்

முதல் வாரம் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கூசுகிறது. சமையலறையில் நின்றபடியே ஒரு பெரிய போத்தல் குளிர்நீரை மடக்மடக்கென்று குடித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா. அவர் வாயில் ஒரு சின்ன ஐஸ் கட்டி. சிறுநீரகம் பழுதாகி ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போகிறவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு உண்டு. அம்மாவின் கணக்கு அரை லிட்டர். கஞ்சி, குழம்பு, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு ஐஸ் கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கால் மணி நேரத் தாகத்தைத் தள்ளுவார். நான் குடித்து முடிக்கும்வரை அவர் கண் போத்தலை விட்டு நகரவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நானும் அக்காவும் காடியிலேயே (காரிலேயே) தண்ணீர் குடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுப் படியேறுகிறோம். யாருக்காக ஓடுகிறோமோ அவரை மறந்துவிட்டு ஓடுவதுதான் முதல் தவறு. அதைக் காலில் அடிபடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றும், 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வர வழியான ஊர் என்றும் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். ஊருக்குள் இருக்கும் எங்களைக் கேட்டால், எந்த வரிசையில் எந்த வீட்டுக்காரர் எந்தக் கிழமை 'சுத்திகரிப்புக்கு'ப் போகிறார் என்று சொல்லிவிடுவோம். 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது; இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. இந்த நாட்டில் சிறுநீரகம் கெட்டுப்போவதற்கு முதல் காரணமே இனிப்பு நீர்தான்.

அதனால்தான், சுத்திகரிப்பு மையத்துக்கு நிதி திரட்ட ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் வீட்டில் நான்கு பேர் பெயர் கொடுத்தோம். நான்கு பேருமே நாற்பதை ஒட்டியவர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு யாரும் ஓடியதில்லை.

ஓடுகிற உடம்பும் அதே வீட்டு உடம்புதான்

பெயர் கொடுத்த மறுநாளே சப்பாத்து வாங்கக் கடைக்குப் போனோம். போயிருக்க வேண்டிய இடம் அரசாங்கக் கிளினிக். அம்மாவுக்கு வந்த நோய் அவரோடு நின்றுவிடும் என்று நம்மை அறியாமலே நினைத்துக்கொள்கிறோம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ சிறுநீரகம் பழுதாகியிருந்தால் நமக்கும் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ரத்த அழுத்தம், ரத்தத்தில் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற சோதனை: இந்த நான்கும் கையில் இல்லாமல் ஓடத் தொடங்க வேண்டாம்.

நாங்கள் மூன்றாவது வாரம்தான் போனோம். அக்காவுக்கு அழுத்தம் 160க்கு 100. ஒரு தலைவலிகூட வந்ததில்லை அவருக்கு. மருத்துவர் ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் வேகமாக நடக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஓட அனுமதித்தார். நாங்கள் திரட்டப்போகிற பணத்தைவிட அந்த ஒரு சோதனைதான் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய வரவு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏற்கெனவே இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்கிளாசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே உட்கார்ந்து இனிப்பு சாப்பிட வேண்டும். பையில் நான்கு மிட்டாய் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மூச்சு வாங்குவது அளவுக்கு மீறுவது என்று எது வந்தாலும் ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. இனிப்பு நீர் நாள்பட்டவர்களுக்கு மாரடைப்புகூட வலியில்லாமல் வரும் என்பதால் இதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

விரைவோட்டம் வேறு, இது வேறு

நமக்கு ஓட்டம் என்றால் மனசில் வருவது பள்ளிப் போட்டி விளையாட்டுதான். திடலில் சுண்ணாம்புக் கோடு, விசில், 100 மீட்டர், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல். நாம் கொண்டாடி வளர்ந்தவர்களும் அப்படிப்பட்டவர்கள். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மணி ஜெகதீசன் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் எடுத்தார். அதே ஆண்டு எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம். அந்தப் பெருமை நமக்கு என்றும் உண்டு. ஆனால் நாற்பது வயதில் 10 கிலோமீட்டர் ஓடத் தயாராகிறவர் அந்த வேகத்தை எடுத்தால் மூன்றாவது நிமிடம் நின்றுவிடுவார். நின்றதும் 'எனக்கு ஓட்டம் வராது' என்று முடிவு கட்டிவிடுவார். எங்கள் மச்சான் அப்படித்தான் இரண்டாம் நாளோடு வீட்டில் உட்கார்ந்தார்.

சரியான வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருகிறவரிடம் 'சாயங்காலம் என்ன சமையல்' என்று ஒரே மூச்சில் கேட்க முடிய வேண்டும். முடியவில்லையா, வேகம் கூடிவிட்டது. ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி மாற்றி மாற்றி 25 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். இதுதான் தொடக்கம். நடப்பதில் வெட்கமே வேண்டாம்.

நான் நடக்க வெட்கப்பட்டேன். ஆறாவது வாரம் மூச்சு நன்றாகப் பழகிவிட்டது, ஓடவும் ஆசையாக இருந்தது. ஒரே வாரத்தில் தூரத்தை இரண்டு மடங்காக்கினேன். முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்ஓரமாக ஒரு வலி பிடித்தது. படியிறங்கினாலே உயிர் போகும். விரலால் அமுக்கினால் ஒரு சாண் நீளத்துக்கு வலித்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு 'போ' என்று சொல்லும்போது எலும்பு 'இரு' என்று சொல்லும். இரண்டில் மெதுவாகப் பழகுவதன் பேச்சைத்தான் கேட்க வேண்டும். வலி ஒரே புள்ளியில் குத்தினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் விடாவிட்டாலோ எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு ஐந்து வாரம் போனது.

வலி மாத்திரை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்கிறவர் இதைப் படிக்க வேண்டும்.

கால் வலி வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து ஒரு மாத்திரை வந்தது. 'ஒன்னு போட்டுட்டு ஓடு, தெரியவே தெரியாது.' அன்போடுதான் கொடுத்தார். மெஃபெனமிக் அமிலம், டைக்லோஃபெனாக், ஐபுபுரொஃபன் ஆகியவை ஒரே குடும்பத்து மாத்திரைகள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை இவை குறைக்கும். சும்மா இருக்கும்போதே அப்படி. வியர்த்துக் கொட்டி, உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் போட்டால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீரக நோய்க்காக நிதி திரட்ட ஓடுகிறவர் தன் சிறுநீரகத்தை இப்படிக் கெடுத்துக்கொள்வதைவிடக் கொடுமை இருக்கிறதா? கண்ட கண்ட மூட்டுவலிச் சூரணமும் ஜாமு என்கிற மலாய் மூலிகை மருந்தும் அதே கதைதான். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலித்தால் ஓய்வு, ஐஸ் ஒத்தடம். மாத்திரை தேவையென்றால் குடும்ப வரலாற்றைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் வருத்தினால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் என்பதும் உண்மை. ஓடிய பிறகு சிறுநீர் கோப்பி ஓ (பால் கலக்காத காப்பி) நிறத்தில் போனால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இருட்டு, லாரி, வெயில், புகை

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு விடிகாலை ஐந்தரைக்கு இறங்குகிறவர்கள் இங்கே உண்டு. நம் நாட்டில் ஐந்தரை நடு இருட்டு. 1982 ஜனவரி 1இலிருந்து தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டதால் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடுகிறது. ஏழுக்குப் பிறகு காத்திருந்தால் ஒன்பதுக்குள் வெயில் ஏறிவிடும். எனவே பாதி ஓட்டம் இருட்டில்தான். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது சாலை ஓரத்தில் கறுப்புச் சட்டையில் ஓடுகிறவர் கண்ணுக்கே தெரியமாட்டார். லாரியிலிருந்து உதிர்ந்த பழங்கள் வேறு காலடியில் உருளும். வெள்ளைச் சட்டை, ஒளி பட்டால் மின்னும் பட்டை, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்க ஓரம். விளக்கு யோசனை அம்மாவுடையது. 'நாங்க ரப்பர் மரம் சீவப் போறப்ப நெத்தியில கட்டிக்கிட்டுத்தான் போவோம், நீங்க என்ன கைவீசிக்கிட்டுப் போறீங்க' என்றார். அதையே வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

தோட்டத்துச் செம்மண் பாதை காலுக்கு மெத்தென்று இருக்கும். ஆனால் விடிந்த பிறகுதான் அங்கே போக வேண்டும். எலி பிடிக்க வரும் பாம்புகள் செம்பனைக் காட்டில் சாதாரணம். நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதும் முறை. நாங்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிடும் பழைய பெரட்டுக் களத்தைச் சுற்றித்தான் ஓடுகிறோம். நாய்கள்கூட எங்களுக்குப் பழகிவிட்டன.

காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, சொட்டும்; காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. தலை கிறுகிறுத்தால் நிழலுக்குப் போங்கள். சாயங்காலம் இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போங்கள். புகைமூட்ட மாதங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்றைக்கு ஓட்டம் இல்லை.

சப்பாத்தைப் பற்றி அதிகம் இல்லை. கம்போங் அடிடாஸ் எனப்படும் ரப்பர் சப்பாத்து மரம் சீவவும் மலையேறவும் நல்லது, தார்ச்சாலையில் தினமும் ஓடப் போதாது. விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்ட, சாதாரண விலை ஓட்டச் சப்பாத்து போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் ஓடிவிட்டு வந்ததும் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலில் கொப்புளம் வலிக்காது.

ஓடி முடித்ததும் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் என்று உட்காருவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஓடிச் செலவழித்ததைவிட அதிகம் அங்கே வந்துவிடும். மாதம் ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

பணம்

பதிவுக் கட்டணம் முழுவதும் நோயாளிக்குப் போகிறது என்று நினைப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. சட்டை, பதக்கம், தண்ணீர், நேரம் குறிக்கும் கருவி எல்லாம் போக மிஞ்சுவதுதான் போகும். ஓராண்டுக்கு முன் நாங்கள் பணம் கட்டிய ஓர் ஓட்டத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை. இப்போது பெயர் கொடுப்பதற்கு முன்பே கேட்கிறோம்: எந்த மையம், எத்தனை வெள்ளி (ரிங்கிட்), கணக்கு எப்போது காட்டுவீர்கள்.

நாமே திரட்டுவதென்றாலும் விதி உண்டு. வீடு வீடாகவும் தெருவிலும் உண்டியல் எடுத்துப் போக 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) டப்பாவோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ரசீது இருந்தால் கொடுப்பவருக்கு வரிக் கழிவு கிடைக்கும். கடைக்கார முதலாளிகளிடம் போகும்போது இது உதவும். எங்கள் கைக்கு ஒரு காசும் வராமல் நேரே மையத்தின் கணக்கில் போடச் சொல்கிறோம். பணம் எதற்கு என்று கேட்டால் விளக்கவும் தெரிய வேண்டும். ஒருவருக்கு வாரம் மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியின் மறுபுறம் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓட வேண்டும். அரை லிட்டர் குடிக்க அனுமதி உள்ளவருக்கு 120 லிட்டர். இதைச் சொன்னதும் மளிகைக்கடை அண்ணன் ஒன்றும் பேசாமல் கல்லாவைத் திறந்தார்.

அன்றைக்கு அவரை அழைத்துப் போவது

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. அம்மா வர ஆசைப்பட்டார். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. செவ்வாய், வியாழன், சனி போகிறவருக்கு ஞாயிறு நல்ல நாள். முந்தின நாள்தான் நீர் எடுத்திருப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு ஞாயிறு நீண்ட இடைவெளியின் கடைசி நாள், உடம்பில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும். அவரை வெயிலில் உட்காரவைத்து, பொட்டாசியம் நிறைந்த ஓர் இளநீரும் இரண்டு வாழைப்பழமும் ஆசையாகக் கொடுத்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இளநீர் நமக்கு மருந்து, அவருக்கு ஆபத்து. சுத்திகரிப்புக்கு ஊசி குத்தும் கையை யாரும் பிடித்து இழுக்காமல், அந்த மணிக்கட்டில் பட்டை கட்டாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும்.

அம்மா சனிக்கிழமைக்காரர். தொடக்கத்துக்கு அழைத்துவரவில்லை, எட்டு மணிக்கு அண்ணன் மகன் காடியில் கொண்டுவந்து, கடைசி 200 மீட்டரில் ஒரு மரநிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். கையில் சின்ன ஃபிளாஸ்க், அதற்குள் எண்ணி ஆறு ஐஸ் கட்டி. நானும் அக்காவும் நடந்தும் ஓடியும் ஒரு மணி நாற்பத்தொரு நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்தோம். அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கு ஒரு கட்டியை எங்கள் உள்ளங்கையில் வைத்தார். மிச்சம் நான்கை எண்ணிப் பார்த்துவிட்டு மூடினார். ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருந்தோம்.