ரேம் பிறகு போடலாம், கிராபிக்ஸ் கார்டு இப்போதே

ஆனி, ஆடி மாதங்களில் கல்லூரியில் இடம் கிடைத்த பையன்கள் அப்பாவோடு நெல்லை வண்ணார்பேட்டை லேப்டாப் கடைகளில் ஏறி இறங்குவார்கள். "இப்போதைக்கு இந்த பேஸ் மாடலை எடுத்துக்கோ தம்பி, பொறவு எல்லாத்தையும் ஏத்திக்கிடலாம்" என்பார் கடைக்கார அண்ணாச்சி. விலை கைக்கு அடக்கமாக இருப்பதால் அப்பாவும் தலையாட்டிவிடுவார். அண்ணாச்சி சொல்வதில் பாதி உண்மை. கேமிங் லேப்டாப்பில் பிறகு ஏற்றிக்கொள்ளக் கூடியவை ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, மிஞ்சிப்போனால் வைஃபை கார்டு. மற்றதெல்லாம் பெரும்பாலும் வாங்கிய அன்று எப்படியோ அப்படியேதான் கடைசி வரை.

ஆகவே கழற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள், கழற்ற முடிந்ததில் மிச்சம் பிடியுங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி என்று அட்டைப்பெட்டியில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி, கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கிவிடுகிறார்கள்.

கிராபிக்ஸ் கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று நம்புவது

டெஸ்க்டாப்பில் பழைய கார்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். லேப்டாப்பில் பிராசஸரும், ஜிபியு என்கிற கிராபிக்ஸ் சிப்பும் மதர்போர்டிலேயே பற்றவைத்து சால்டர் செய்யப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் எம்எக்ஸ்எம் என்ற கழற்றக்கூடிய கார்டு சில மாடல்களில் வந்தது, இப்போது அதைக் காண்பதே அபூர்வம். ஃப்ரேம்வொர்க் 16 போல ஜிபியுவை மாற்றக்கூடிய விதிவிலக்குகள் உண்டுதான். ஆனால் நெல்லைக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டாம். தண்டர்போல்ட் என்ற அதிவேக போர்ட் வழியாக வெளியே கார்டு மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு டெஸ்க்டாப் கார்டு, அதை வைக்கும் பெட்டி, பவர் சப்ளை என்று தனிச்செலவு இருக்கிறது. விலை குறைந்த கேமிங் மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட்டே இருக்காது.

ஜிபியுவின் மெமரியும் அதோடு ஒட்டிப் பிறந்தது. ஆர்டிஎக்ஸ் 2050-ல் 4 ஜிபி. 3050-ல் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு, பெயர் மட்டும் ஒன்றே. 4050-ல் 6, 4060-லும் 5050-லும் 8. வேலோரண்ட் கேம் மட்டும் போதும் என்பவருக்கு 4 ஜிபியே தாராளம். புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை, அதாவது காட்சிகளின் மேல்பரப்புப் படங்களை, ஏற்றிவைக்க 4 ஜிபி போதாமல் திணறும். அப்போது சாதாரண ரேமை 32 ஜிபி ஆக்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

இன்னொரு சங்கதி, இதைக் கடையில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஒரே பெயருள்ள ஜிபியுவுக்கு ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு அளவு மின்சாரம். 4060 லேப்டாப் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வைக்க என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. குறைந்த வாட்டில் ஓடும் 4060-ஐ முழு வாட்டில் ஓடும் 4050 எட்டிப் பிடித்துவிடும், விலையோ குறைவு. ஸ்பெக் பக்கத்தில் இந்த வாட் அளவை டிஜிபி என்று போட்டிருப்பார்கள். இல்லையென்றால் டெமோ பீஸில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பாருங்கள். அண்ணாச்சி கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.

விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை இல்லை, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய் வருகிறவர் என்றால் டெஸ்க்டாப்பையும் ஒருமுறை விலை கேட்டுப் பாருங்கள். "பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்ற பேச்சு முழுதாகச் செல்லுபடியாவது அங்கேதான்.

ஸ்லாட் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது

ரேமை எல்லா லேப்டாப்பிலும் ஏற்ற முடியும் என்பதும் இல்லை. மெலிதான மாடல்களில் எல்பிடிடிஆர்5 வகை ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதைத் தொடவே முடியாது. சிலவற்றில் பாதி சால்டர், மீதிக்கு ஒரே ஒரு ஸ்லாட். கடையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் கை வைக்க முடியாது. விண்டோஸ் சில சமயம் ஸ்லாட் எண்ணிக்கையைத் தப்பாகவும் காட்டும் என்பதால், அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலையும் கம்பெனி தளத்தில் இறக்கிப் பார்ப்பது நல்லது. மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் வரும் இரண்டு லேப்டாப்புகளுக்குள் ஆயிரம் வித்தியாசம் இருக்கும்.

பழைய தலைமுறை ரேமான டிடிஆர்4-க்குரிய ஸ்லாட்டில் அடுத்த தலைமுறை டிடிஆர்5 உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு. வேகம் வேறான இரண்டு ரேம்களைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். பேஸ் மாடலில் ஒற்றை 8 ஜிபி ரேம்தான் வருகிறது என்றால் முதல் வேலையாக ஜோடி சேருங்கள். ஒற்றை ரேமில் டேட்டா போய்வரும் பாதை பாதி அகலம்தான், கேம் நடுவே திக்கித் திக்கி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது வாங்குவது? ரேம் விலை நாளாக ஆக இறங்கும் என்று முன்பெல்லாம் தைரியமாகக் காத்திருந்தார்கள். 2025-ன் கடைசி மாதங்களில் அந்தக் கணக்கு பொய்த்தது. மெமரி கம்பெனிகள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு முன்னுரிமை கொடுக்க, நாம் வாங்கும் ரேமின் விலை மளமளவென்று ஏறியது. க்ரூஷியல் என்ற தன் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை, தனியாக விற்கும் ரேமின் அன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பெனியே போட்டுத் தருவது மலிவாக இருந்தால், கூச்சப்படாமல் அதையே எடுங்கள்.

எஸ்எஸ்டியில் குழப்பம் குறைவு. எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா, அது 2280 அளவா (80 மி.மீ. நீளம்) 2242 அளவா (42 மி.மீ.) என்று மட்டும் பாருங்கள். ஒரே ஸ்லாட் என்றால் பழையதைக் கழற்றித்தான் புதியதைப் போட வேண்டும். அதற்காகப் புது விண்டோஸ் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். கம்பெனி விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே பதிப்பை மறுபடி நிறுவினால் போதும்.

திரையை மாற்றலாம்தான், ஆனால் செலவுக்குத் தகுந்த பலன் இல்லை. திரை காட்டும் நிறங்களின் அளவை என்டிஎஸ்சி என்று குறிப்பார்கள், 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியிருந்தால் நிறம் வெளிறித்தான் தெரியும். படம், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் அதை ஒதுக்கிவிடுங்கள்.

திறக்கும்போது செய்யும் தவறுகள்

மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சர்வீஸ் நெல்லையிலேயே கிடைக்குமா, மதுரைக்கு அனுப்புவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வந்து வாங்குகிறவர்களுக்கு வீட்டுக்கே ஆள் வரும் வாரண்டி ரேமை விட முக்கியம்.

திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றது. விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கும். அது கேட்டால் கொடுக்க வேண்டிய மீட்புச் சாவியை (ரெகவரி கீ) முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புது டிடிஆர்5 ரேம் போட்டு முதல்முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். அது ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம், பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

மூடி திறந்திருக்கும்போதே விசிறியையும் துடைத்துவிடுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் கிளம்பும் புழுதி சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கில் பஞ்சாக அடைந்துகொண்டால், சூடு தாங்காமல் ஜிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கழற்றிய பழைய ரேமை விற்றுவிடாமல் வாரண்டி முடியும் வரை வைத்திருங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அதையே மாட்டிக் கொடுத்தால், "வெளி ரேம் போட்டதால்தான் கோளாறு" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.