எக்ஸ் = 3: நிற்கிற கோடா, படுத்த கோடா?

ஆயத்தொலை வடிவியலில் நான் முதலில் தடுக்கி விழுந்தது பெரிய கணக்கில் இல்லை. "எக்ஸ் = 3 என்ற கோட்டை வரைக" என்ற ஒற்றை வரியில்தான். எக்ஸ் என்று இருக்கிறதே என்று எக்ஸ் அச்சுக்கு இணையாகப் படுக்கையில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். முழுத் தப்பு. நீங்களும் அப்படி வரைந்திருந்தால் ஒரு கிராஃப் தாளை எடுங்கள்.

படி 1: புள்ளி வையுங்கள்

கோட்டை உடனே வரைய வேண்டாம். எக்ஸ் மதிப்பு 3 ஆக இருக்கும் புள்ளிகளை மட்டும் தேடுங்கள்: (3, 0), (3, 2), (3, 5), (3, −4). நான்கையும் குறித்துச் சேர்த்தால் கோடு கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

எக்ஸ் = 3 என்பதை "எக்ஸ் 3-ஐ விட்டு நகரக் கூடாது, ஒய் எப்படியும் போகலாம்" என்று படியுங்கள். சமன்பாட்டில் ஒய் காணோமே என்று தேட வேண்டாம். அதற்குக் கட்டுப்பாடு ஏதும் இல்லை, அதனால்தான் அதன் பெயரே வரவில்லை. கட்டுப்பாடு இல்லாதது ஓடுகிறது. எனவே கோடு ஒய் அச்சின் திசையில் போகிறது.

படி 2: மாற்றிப் பாருங்கள்

ஒய் = 5 என்றால் (−2, 5), (0, 5), (4, 5). உயரம் மாறவில்லை, கோடு படுத்துவிட்டது. சரி, எக்ஸ் அச்சின் சமன்பாடு என்ன? அந்த அச்சில் எங்கே நின்றாலும் உயரம் பூஜ்யம். ஆக, ஒய் = 0. எக்ஸ் அச்சின் சமன்பாட்டில் எக்ஸ் இல்லை என்பது உங்களுக்கு உறுத்தாமல் போனால், பாதிப் பாடம் முடிந்தது.

படி 3: சாய்வைக் கணக்கிடுங்கள்

இரண்டு புள்ளிகளை எடுத்து, ஒய் மதிப்புகளின் வித்தியாசத்தை எக்ஸ் மதிப்புகளின் வித்தியாசத்தால் வகுத்தால் வருவது சாய்வு. இரண்டிலும் ஒரே வரிசையில் கழியுங்கள்.

படுத்த கோட்டில் (−2, 5), (4, 5): (5 − 5) ÷ (4 − (−2)) = 0 ÷ 6 = 0.

நிற்கிற கோட்டில் (3, 2), (3, 5): (5 − 2) ÷ (3 − 3) = 3 ÷ 0. இங்கே கை நிற்க வேண்டும். எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினால் 3 வரும்? எதுவும் வராது. அதனால் இந்தச் சாய்வை வரையறுக்க முடியாது. விடைத்தாளில் "சாய்வு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். சமமான தரையைப் பார்த்தும் நாம் "சாய்வே இல்லை" என்றுதானே சொல்கிறோம்? அது பூஜ்யச் சாய்வு. இரண்டும் வேறு.

படி 4: வரைபடத்தில் சோதியுங்கள்

"வரையறுக்க முடியாது என்றால் முடிவிலிதானே?" என்று கேட்கத் தோன்றும். தீர்க்கரேகையை எக்ஸ் என்றும் அட்சரேகையை ஒய் என்றும் வைத்துக்கொள்வோம். பாகைக் கணக்கில் சென்னை ஏறக்குறைய (80.27, 13.08). பெங்களூரு (77.59, 12.97). சாய்வு 0.11 ÷ 2.68, அதாவது சுமார் 0.04. கிட்டத்தட்ட படுத்த கோடு.

இப்போது கன்னியாகுமரி (77.54, 8.09). அங்கிருந்து பெங்களூருக்குச் சாய்வு 4.88 ÷ 0.05 = 97.6. கிட்டத்தட்ட நிற்கிற கோடு. பெங்களூரில் வைத்த புள்ளியைக் கொஞ்சம் மேற்கே, 77.49-க்கு நகர்த்துங்கள். சாய்வு −97.6 ஆகிவிடும்! கோடு பார்வைக்கு அதிகம் மாறவில்லை, எண்ணோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவிவிட்டது. சரியாக 77.54-இல் வைத்தால் வகுக்கும் எண் பூஜ்யம். வலப்பக்கம் பெரிய மிகை எண், இடப்பக்கம் பெரிய குறை எண். நடுவில் நிற்கும் கோட்டுக்கு எதைக் கொடுப்பது? அதனால்தான் எதையும் கொடுப்பதில்லை.

ஒய் = எம் எக்ஸ் + சி வடிவத்தில் (எம் என்பது சாய்வு, சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) எம் = 0 என்று போட்டால் ஒய் = சி, படுத்த கோடு வந்துவிடும். நிற்கிற கோட்டுக்கு எம் கிடையாது, ஆகவே அது இந்த வடிவத்தில் அடங்காது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்ற விதியும் இந்த ஜோடிக்குப் பொருந்தாது. எக்ஸ் = 3, ஒய் = 5 இரண்டும் (3, 5)-இல் செங்குத்தாகத்தான் வெட்டுகின்றன, ஆனால் பெருக்குவதற்கு ஒரு சாய்வு குறைகிறது.

போட்டுப் பாருங்கள்

(−4, 7), (9, 7) வழியாகப் போகும் கோடு எது? (6, −1) வழியாக எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாகப் போகும் கோடு எது? ஒய் = 2, ஒய் = −4 இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

விடைகள்: ஒய் = 7; எக்ஸ் = 6; 6 அலகுகள். கடைசியில் 2 என்று வந்தவர்கள் குறைக் குறியை விட்டுவிட்டீர்கள்.