மார்கழி விடியலைக் கோட்டை விடாதீர்கள்

மார்கழி பிறந்தால் பல வீடுகளில் அலாரம் நாலரைக்கே அடிக்கத் தொடங்கிவிடும். எழுந்து, குளித்து, கோயிலுக்குப் போய், தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு ஆறரைக்குள் வீடு திரும்புபவர்கள் ஏராளம். இவ்வளவு சிரமப்பட்டு எழுந்தும், வெளியே விடிந்ததைக் கவனித்தவர்கள் குறைவுதான். நமக்குக் குளிர்காலம் என்று வாய்ப்பதே ஒன்றிரண்டு மாதம். அதில் மனசுக்குக் கிடைக்க வேண்டியதை நாமே நழுவ விடுகிறோம்.

முதலில் அந்த ஓசோன் கதையை விட்டுவிடுங்கள். மார்கழி அதிகாலையில் ஓசோன் பூமிக்கு இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் ஆயுள் கூடும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றும். ஓசோன் படலம் இருப்பது தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். மாதம் பார்த்து அது இறங்குவதில்லை. தரையருகே இருக்கும் ஓசோன், வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாவது, நுரையீரலுக்குக் கெடுதல். நல்லவேளையாக விடியலில் அது குறைவு. ஆனால் நகரங்களில் வேறொரு சிக்கல் உண்டு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்துகிடக்க, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி நிற்பதால் புகையும் தூசும் கலையாமல் தங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் பெரிய சாலையோரம் நடக்காமல் மரமுள்ள தெருவாகப் பார்த்துப் போவது நல்லது. போகியன்று வீட்டிலேயே இருந்துவிடலாம். எனக்கு இந்தக் கதையில் உள்ள பெரிய வருத்தம் வேறு: விடியலை லேகியம்போல் விழுங்கச் சொல்கிறது. லாபக் கணக்கோடு வெளியே போகிறவர் கண்ணில் எதுவும் படாது.

அடுத்தது, பாட்டை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு அது காட்டுவதைப் பார்க்காமல் விடுவது. திருப்பாவையின் 30 பாசுரங்களில் பக்தி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விடியலும் இருக்கிறது. பறவைகள் கத்துகின்றன, எருமைகள் பனிப்புல் மேயப் போகின்றன, வெள்ளி எழுகிறது, வியாழன் மறைகிறது, தோட்டத்துக் குளத்தில் செங்கழுநீர் விரிய ஆம்பல் கூம்புகிறது. இதில் பாதியை இன்றும் பார்க்கலாம். வெள்ளாம்பல் இரவில் விரிந்து, வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும் பூ. ஊருக்குப் பக்கத்தில் தூர்ந்துபோகாத குளம் ஏதாவது மிச்சமிருந்தால் ஒருநாள் கரையில் உட்கார்ந்து பாருங்கள். குளமே இல்லையா? அருகம்புல் போதும். குனிந்து பார்த்தால் இலையின் மேல்பரப்பில் பொடிப்பொடியாக ஈரம் பூத்திருக்கும், அது பனி. நுனியில் மட்டும் ஒரு துளி உருண்டு நிற்கிறதே, அது பல நேரம் பனியே இல்லை. வேர் உறிஞ்சிய தண்ணீரைப் புல் இரவெல்லாம் நுனி வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் பட்டதும் இரண்டும் போய்விடும்.

பூசணிப்பூ விஷயத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். சாணப் பிள்ளையாருக்கு வைக்கப் பறிக்கும்போது பூவின் அடியைப் பாருங்கள். சின்னதாகப் பிஞ்சு உருண்டிருந்தால் அது பெண் பூ. அதைக் கிள்ளினால் ஒரு காய் போச்சு. நீளக் காம்போடு நிற்கும் ஆண் பூவே போதும். அதையும் எல்லாம் பறித்துவிட்டால் தேனீக்கு வேலை இல்லை, கொடிக்குக் காயும் இல்லை. கோலத்துக்குக் கல்மாவு எடுத்தால் வெள்ளையாக, எடுப்பாகத்தான் இருக்கும். எறும்புக்குத்தான் ஒன்றும் இல்லை. ஓரமாக ஒரு சின்னக் கோலமாவது அரிசி மாவில் போடலாம்.

சத்தம். காது வலிக்கும் ஒலிபெருக்கியை நம்மால் நிறுத்த முடியாது. காதில் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்ற முடியும். நன்றாக இருட்டியிருக்கும்போதே கூப்பிடத் தொடங்கும் பறவைகளில் ஒன்று கரிச்சான். நல்ல கறுப்பு, வால் பிளந்திருக்கும், தெருவிளக்குக் கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். அதே கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள் தெரிந்தால் அவை வடக்கிலிருந்து குளிருக்கு வந்த விருந்தாளிகள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. நாம் ஒரு மணி நேரம் பாட்டு கேட்காமல் நடந்தால் என்ன?

இயற்கை என்றாலே ஊட்டிக்குக் கிளம்புவது இன்னொரு பழக்கம். உறைபனி பார்க்க வேண்டும் என்பார்கள். காலை டிபன் முடித்துப் பத்து மணிக்கு இறங்கினால் ஈரப்புல்தான் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தாழ்வான புல்வெளிகளில் படிந்து, வெயில் ஏறியதும் கரையும் சங்கதி அது. போகிறவர்கள் இ-பாஸ் எடுத்து, விடியுமுன் போய், புல்லின் மேல் ஏறி மிதிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். மற்றவர்களுக்கு மொட்டைமாடி போதும்.

இரவை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய குறை. மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் காலம் இது. எட்டு, ஒன்பது மணிக்குக் கிழக்கே பார்த்தால் சிவப்பாக ஒரு நட்சத்திரம் ஏறி வரும், அதுதான் திருவாதிரை. மாதத்தின் முற்பாதியில் விடியுமுன் ஐந்து மணிக்குப் பார்த்தால் மேற்கே சரிந்திருக்கும். மார்கழிப் பௌர்ணமி நிலா இதன் அக்கம்பக்கத்தில்தான் நிற்கும். சிதம்பரத்து ஆருத்ரா தரிசனத்துக்கு நாள் குறிப்பது இதை வைத்துத்தான். சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும் இந்த மாதத்தில் முழுநிலா நம் ஊர்களில் கிட்டத்தட்ட நடு உச்சிக்கே வந்துவிடும். மாதம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் விழும். அதற்கு விளக்கில்லாத இடம் வேண்டும். இருட்டில் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்புறம், பொங்கலோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள்வது உண்மைதான், ஆனால் அது மாலைப் பக்கம்தான் நீள்கிறது. சென்னையில் டிசம்பர் நடுவில் 6.20-ஐ ஒட்டி உதிக்கும் சூரியன் ஜனவரி மூன்றாம் வாரத்தில் 6.35-ஐ ஒட்டித்தான் உதிக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? மார்கழியில் எழ முடியாமல் போனவர்கள் தை மாதம் கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கிவிட்டே தொடங்கலாம். அப்போது ஒலிபெருக்கியும் இருக்காது.